அக்காவுக்கு நான் அச்சடித்த அட்டை

செங்காங்கிலிருந்து ஷாமினி போன வாரம் என் ஃபோனுக்கு ஒன்பது படங்கள் அனுப்பியிருந்தாள். ஒன்பதிலும் அவளேதான் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் அவளைச் சுற்றி மயில்கள். ஒன்றில் தங்க நிறத் தூண்கள். இன்னொன்றில் ரோஜாக்கொடி அவள் கழுத்து வரைக்கும் ஏறியிருந்தது. பெயர், படிப்பு, உயரம், ராசி எல்லாம் ஒன்பதிலும் ஒன்றேதான். மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பும் பயோடேட்டாவாம். கம்ப்யூட்டரில் தயாராகக் கிடைக்கும் டிசைன்களில் தன் விவரங்களைப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"தாத்தா, எந்த ஸ்டைல் நல்லாருக்கு? எனக்கு லாஸ்ட் ஒண்ணுதான் புடிச்சிருக்கு லா. சிம்பிளா, கிளாஸியா இருக்கு" என்று குரல்பதிவும் கூடவே வந்தது.

கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைத் தாள். மேலே நடுவில் அவள் முகம். நாலு பக்கமும் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் பதினோராவது மாடி நடைவழியில் நாற்காலி போட்டுக்கொண்டு தனியாகச் சிரிக்கும் கிழவனை, துணி உலர்த்த வந்த எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண்மணி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அவரிடம் என்னத்தைச் சொல்ல? அந்தக் கோட்டை எனக்கு நன்றாகத் தெரியும். அறுபது வருடத்துக்கு முன்னால் என் அக்காவைச் சுற்றி அதே கோட்டைப் போட்டு, அவள் வாழ்க்கையில் மண்ணைப் போடப் பார்த்தவன் நான்.

அப்போதெல்லாம் பயோடேட்டா என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. 'பர்ட்டிகுலர்ஸ்' என்போம். 'பொண்ணோட பர்ட்டிகுலர்ஸ் குடுங்க' என்று கேட்பார்கள். அதற்கு டிசைன், ஸ்டைல் என்று எதுவும் கிடையாது. சிராங்கூன் ரோட்டில் கடை வாசல்களின் ஐந்தடி நடைபாதையில் மேசை போட்டுக்கொண்டு மனு எழுதிக்கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் போய்ச் சொன்னால் ஃபுல்ஸ்கேப் தாளில் பிள்ளையார் சுழி போட்டு, 'மேற்படி பெண்' என்று தொடங்கி, வாடகைத் தகராறு மனு மாதிரியே எழுதித் தருவார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தடவி அனுப்பவேண்டும். அதுதான் ஒரே டிசைன்.

மஞ்சள் வெறும் அலங்காரம் இல்லை. கடிதம் கையில் வந்ததும் எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் மூலையைத்தான் பார்ப்பார்கள். மஞ்சள் இருந்தால் நல்ல சேதி. மூலையில் கறுப்பு மை இருந்தால் சாவுச் சேதி. சாவுச் சேதியைப் படித்த கையோடு கிழித்து வெளியே எறிந்துவிட்டுத் தலைமுழுகுவார்கள். அந்தத் தாள் வீட்டுக்குள் இருக்கக்கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட ஒரு கடிதத்தைப் பாதி படித்துவிட முடிகிற ஏற்பாடு அது.

இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் எனக்கு வயது இருபத்திரண்டு. சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்து ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். கழுத்தில் டை. அந்த டை ஒரு மனிதனின் மூளைக்குப் போகும் ரத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்பதற்கு நானே சாட்சி.

அந்த டையே அக்கா போட்டதுதான். எங்கள் அப்பா போனபோது தனம் அக்காவுக்குப் பத்தொன்பது வயது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது, சேர்ந்துவிட்டாள். 'தம்பி படிச்சு முடிக்கட்டும்' என்று சொல்லிச் சொல்லியே, வந்த இரண்டொரு வரன்களையும் தள்ளிப்போட்டாள். நான் படித்து முடித்து நிமிர்ந்து பார்த்தபோது அவளுக்கு இருபத்தெட்டு. அந்தக் காலத்தில் இருபத்தெட்டு என்றால் கோயிலில் பெண்கள் அம்மாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வரன் வருவதே நின்றுபோயிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் காத்தோங் அம்மா வந்தார். பெயர் தெரிவதற்கு முன்னால் அப்படிச் சொல்ல ஆரம்பித்து, கடைசி வரைக்கும் எங்களுக்கு அவர் காத்தோங் அம்மாதான். காத்தோங் பக்கம், சிலோன் ரோட்டுக் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. கணவர் இல்லை. ஒரே மகன் ராஜமாணிக்கம், கடலுக்குள் ஒரு தீவில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை, சனிக்கிழமை படகில் வந்தால் திங்கட்கிழமை திரும்பிப் போய்விடுவார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அக்கா பரிமாறிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவே வந்து எங்கள் அம்மாவிடம் கேட்டார். "பொண்ணு பர்ட்டிகுலர்ஸும் ஒரு படமும் அனுப்பி வைங்க. மவன் சனிக்கிழமை வந்ததும் காட்டுறேன்."

அன்றைக்கு அம்மா வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

படம் எடுக்க நான்தான் அக்காவை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். ஃபோட்டோக்காரர் ஒரு முக்காலியில் கறுப்பு டெலிஃபோன் வைத்திருந்தார். படித்த பெண் என்று காட்ட அதைக் காதில் வைத்துக்கொண்டு சிரிக்கவேண்டுமாம். அக்கா ரிசீவரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இதுல வயரே இல்லியே. யாருகிட்ட பேசுறதாம்?" என்று கேட்டுவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். சும்மா நேரே பார்த்தபடி உட்கார்ந்து எடுத்துக்கொண்டாள். நல்ல படம்.

இவ்வளவு நல்ல படத்தை மனு எழுதுகிறவரின் ஃபுல்ஸ்கேப் தாளில் பசை போட்டு ஒட்டுவதா? மாப்பிள்ளை எண்ணெய்க் கம்பெனிக்காரர், இங்கிலீஷ் தெரிந்தவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஆபீசில் மேலதிகாரியின் அலமாரியை ஒழித்தார்கள். பழைய காகிதங்களோடு ஓர் அட்டைப்பெட்டியும் குப்பைக்குப் போக இருந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே பால் நிறத்தில் கனமான அட்டைகள், அதே நிறத்தில் உறைகள். லண்டன் சரக்கு. எழுத்து எதுவும் இல்லை, இரண்டிலும் ஓரத்தில் மட்டும் மெல்லிசாகக் கறுப்புக் கோடு. நம் ஊர்க் கறுப்பு மூலையில் விரலால் தீற்றியது. இது இழைத்துப் போட்டது. இது வேறு, அது வேறு என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சீனர் அச்சகம் இருந்தது. மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை தெருமுனைக்கே வந்துவிடும். இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய் வாசனை வந்தால் எனக்கு அந்தக் கடையும், பனியன் போட்ட தவுக்கேயும்தான் முன்னால் வந்து நிற்பார்கள். தவுக்கே என்றால் முதலாளி. அந்தக் கடையில் முதலாளி, தொழிலாளி எல்லாம் அவர் ஒருவரே. எங்களுக்குள் பேச்சு மலாயில்.

அட்டையைப் புரட்டிப் பார்த்தவர், "இனி அப்பா?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். கல்யாணத்துக்கு, என் அக்காவுக்கு என்றேன். அவர் அட்டையை என் பக்கம் தள்ளினார்.

"காவின் மெஸ்தி மேரா லா. இத்தாம் தா போலே!"

கல்யாணம் என்றால் சிவப்புதான், கறுப்பு ஆகவே ஆகாது என்கிறார். சொன்னதோடு நிற்காமல் ஒரு சிவப்பு மை டப்பாவையும் எடுத்து வைத்தார். நான் டையைச் சரிசெய்துகொண்டு, இது இங்கிலீஷ் ஃபேஷன், உங்களுக்குத் தெரியாது என்றேன். அவர் என் டையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், தோளைக் குலுக்கிவிட்டு எழுத்துக் கோக்கப் போனார்.

அட்டை அழகாகத்தான் வந்தது, பொய் சொல்லக்கூடாது. மேலே நடுவில் படம். அதற்குக் கீழே இங்கிலீஷில் பெயர், பிறந்த தேதி, நட்சத்திரம், உத்தியோகம். நாலே வரி. சுற்றிலும் கோடு. உறையில் போட்டு ஒட்டிய பிறகுதான் அம்மாவிடம் காட்டினேன், அதுவும் உறையின் கோடு தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்.

"நாலு மூலையிலும் மஞ்சள் தடவுனியாடா?"

"தடவிட்டேம்மா."

தடவவில்லை. லண்டன் அட்டையில் மஞ்சள் கறை படுவதா? அறுபது வருடமாக என்னைக் குத்துவது கோடு இல்லை, இந்தப் பொய்தான். கோடு முட்டாள்தனம். பொய் வேறு ரகம்.

புதன்கிழமை தபாலில் போட்டேன். வெள்ளிக்கிழமை விடுமுறை, கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வெள்ளி. எங்களுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பம் இருந்தது. மத்தியானம் எல்லோரும் மாதா கோயிலுக்குக் கிளம்பி, பெண்கள் தலையில் கறுப்பு முக்காடு போட்டு, வாசலில் வாய் பேசாமல் ரிக்‌ஷாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். மேலே எங்கள் வீட்டில் சீயக்காய் வாசனை. வெள்ளிக்கிழமை அக்காவுக்கு எண்ணெய்க் குளியல். முழங்கால் வரைக்கும் வரும் முடியை விரித்துப்போட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மரப்படியில் காலடிச் சத்தம். கதவு தட்டும் சத்தம். அக்கா போய்த் திறந்தாள்.

வாசலில் காத்தோங் அம்மா நிற்கிறார். நகை இல்லை, சாயம் போன புடவை. பின்னால் துணைக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மாள், அழுவதற்குத் தயாராக முந்தானையை வாயில் வைத்திருக்கிறார். அக்கா ஈரத் தலையோடு, விரித்த முடியோடு, முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க, வாங்க" என்கிறாள்.

பின்னால் நின்ற அம்மாள் போட்ட கூச்சலில், கீழே ரிக்‌ஷாவில் ஏறிய மாதா கோயில் குடும்பம் முழுக்க இறங்கிவிட்டது. அவர் நாலு படி சறுக்கிப்போய்க் கைப்பிடியைக் கட்டிக்கொண்டார். காத்தோங் அம்மா மட்டும் நகரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அக்காவின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்களே, அதைச் சோதித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சத்தம் கேட்டு வந்த எங்கள் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளையின் தாயார் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடி வந்திருக்கிறார், அவ்வளவுதான் அவர்கள் கண்ணில் பட்டது. ஓடிப்போய்க் கற்கண்டுத் தட்டை எடுத்துவந்து நீட்டினார்கள். காத்தோங் அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கோப்பி கலக்கட்டுமா என்றார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். துக்கம் கேட்க வந்த வீட்டில் யாராவது கற்கண்டு எடுப்பார்களா, கோப்பி குடிப்பார்களா? ஆனால் அம்மாவுக்கு அது தெரியாதே. சம்பந்தம் வேண்டாமென்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து முகம் வெளுத்துப்போனார்கள்.

"கடுதாசி வந்துச்சு" என்றார் காத்தோங் அம்மா. "படம் ஒட்டி. சுத்தி கறுப்பு. கீழ இங்கிலீஷ்ல தேதி போட்டிருந்துச்சு. நேத்தே கிழிச்சுக் கால்வாயில போட்டுட்டுத் தல முழுகிட்டேன். பொண்ணு கேட்ட எடமாச்சே, ஒரு வாட்டி வந்து அழுவாம இருந்தா நல்லாருக்குமான்னுதான்..."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பார்த்தாள். மாடிப்படியில் நின்ற அம்மாளும் எட்டிப் பார்த்தார்.

"மஞ்சள் தடவுனியா, இல்லியா?"

"கறை படுமேன்னு..." என்றேன்.

அம்மா அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. காத்தோங் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, படிச்ச முட்டாள், மன்னிச்சிடுங்க என்று என்னென்னவோ சொன்னார்கள். அந்த அம்மா கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "தப்பு யாரு மேலயும் இல்ல. ஆனா முழுகுனது முழுகுனதுதானே? செத்துட்டான்னு தண்ணி ஊத்திக்கிட்ட பொண்ண எந்த மனசோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?" என்றார். அப்புறம் திரும்பி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார்.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போய்ட்டு வரேன்' என்று சொல்லமாட்டார்கள். அவர் சொல்லவில்லை. அம்மா அதற்குத்தான் அழுதார்கள்.

அக்கா அழவில்லை. முடியை அள்ளி முடிந்துகொண்டு, நனைந்திருந்த தரைப் பலகையைத் துடைத்தாள். என்னோடு பேசவில்லை. மிச்சம் அச்சடித்திருந்த அட்டைகளை அம்மா அடுப்பில் போட்டார்கள். லண்டன் அட்டை, சீக்கிரம் பற்றவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, அரைநாள் ஆபீஸ். எங்கள் தலைமைக் கிளார்க் ஒரு யுரேஷியர், நம் ஊர் ஆங்கிலோ இந்தியர் மாதிரி, நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அட்டைப்பெட்டி எப்படி இருந்தது என்று விசாரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மை காட், மேன்! துரையோட அம்மா இறந்தப்போ, துக்கம் விசாரிச்சவங்களுக்கு நன்றி எழுத வரவழைச்ச அட்டை அது!" என்றார். ஆக, அது தமிழனுக்கும் சாவு அட்டை, சீனருக்கும் சாவு அட்டை, அதைச் செய்த வெள்ளைக்காரனுக்கும் சாவு அட்டை. சிங்கப்பூர் முழுக்க அதைக் கல்யாணத்துக்கு ஏற்றது என்று நினைத்த ஒரே பிரகஸ்பதி நான்தான்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். பக்கத்தில் ஒரு கிண்ணியில் குழைத்த மஞ்சள். எழுதி முடித்து, நாலு மூலையிலும் விரலால் தடவி, ஆறவைத்து, மடித்து என்னிடம் நீட்டினாள். நேற்றைக்குப் பிறகு முதல் பேச்சு.

"தபால்ல போட வேணாம். நாளைக்கு நீயே கொண்டுபோய்க் குடு. அவரு வீட்ல இருப்பாரு. படிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கேயே நில்லு."

"என்னக்கா எழுதிருக்க?"

"பர்ட்டிகுலர்ஸ்" என்றாள்.

தலைக்கு மேல் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு டிராலி பஸ் ஓடிக்கொண்டிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை டை கட்டாமல் ஏறினேன். சட்டைப்பையில் இருந்த கடிதத்தின் மஞ்சள், வியர்வையில் சட்டைக்கு வந்துவிட்டது. கறை படட்டும் என்று விட்டுவிட்டேன்.

காத்தோங் அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போகத் திரும்பினார். நான் கடிதத்தை மடித்தபடியே கொடுக்காமல், விரித்து, நாலு மூலையும் தெரிகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்த்தார். கை நீட்டவில்லை, ஆனால் உள்ளேயும் போகவில்லை. மகன்தான் வந்து வாங்கினார். உயரமான ஆள், வெயிலில் கறுத்த முகம். "நீங்கதான் அந்த அட்டை அடிச்சவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. நின்றபடியே சத்தமாகப் படித்தார்.

'அன்புள்ள அம்மாவுக்கு, தனலட்சுமி எழுதிக்கொண்டது. நான் நலம்.'

அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். அந்தக் காலத்தில் எல்லாக் கடிதமும் இப்படித்தான் தொடங்கும், யாரும் நின்று படிக்கிற வரி இல்லை அது. தாளை நேராக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினார்.

'நான் நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும். என் வயது இருபத்தெட்டு. நட்சத்திரம் அனுஷம். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. சமையல் சுமார். பெண் உயிரோடு இருந்தால் பார்க்க வருவார்கள், அது வழக்கம். பேச்சு முடிவாகாத ஒரு பெண் போய்விட்டாள் என்று கேட்டு, அழுவதற்காக அத்தனை தூரம் வந்தவர் நீங்கள். நான் செத்தால் அழக்கூடியவர் இருக்கும் வீட்டில் வாழ்ந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு மனம் ஒப்பாவிட்டால் வருத்தமில்லை. என் தம்பி கெட்டவன் இல்லை. இனிமேல் அவனை அட்டை அடிக்க விடமாட்டேன்.'

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வீட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள்.

"சமையல் சுமார்னா எழுதிருக்கா?" என்றார் காத்தோங் அம்மா.

"ஆமாம்மா."

"அத எவளும் எழுதமாட்டா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா முழுகிட்டேனேப்பா."

"அது வெறுந்தண்ணி முழுக்குதானே? வர்ற வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சு முழுகிடுங்க, அது நல்ல முழுக்கு. சரியாப் போச்சு" என்றார் மகன்.

அந்த அம்மா யோசித்தார். நியாயம் அவருக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது. "செத்ததா சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "வெறும் வயித்தோட வந்தியா? உக்காரு, பசியாறிட்டுப் போ" என்றார். கிளம்பும்போது நான் வேண்டுமென்றே சத்தமாக, "போய்ட்டு வரேம்மா" என்றேன். அவர் என்னை ஒரு முறை முறைத்தார். "போய்ட்டு வா" என்றார்.

ஆவணியில் கல்யாணம். கல்யாணப் பத்திரிகையை அதே தவுக்கேதான் அச்சடித்தார். எந்த மை என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை. செக்கச் செவேலென்று வந்தது.

இப்போது அந்தத் தவுக்கேயும் இல்லை, அச்சகமும் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஹோட்டல் நிற்கிறது, சுற்றுலாக்காரர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறார்கள். டிராலி பஸ் எங்கள் வீட்டுக் கல்யாணப் பரபரப்பு அடங்குவதற்குள் நின்றுவிட்டது. மஞ்சள் தடவிய கடிதம் கடைசியாக எப்போது கைக்கு வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. எழுத்து இல்லாத லண்டன் அட்டைகள் மட்டும் நாலைந்து, ஒரு பிஸ்கட் டின்னில் இன்னும் இருக்கின்றன. அக்காதான் எறிய விடவில்லை. காய்ச்சல் வந்து படுத்தால், "அந்த அட்ட மிச்சமிருக்காடா? வச்சிரு, உனக்கு வேல மிச்சம்" என்பாள். அத்தான் சிரிப்பார். காத்தோங் அம்மா இருந்த வரைக்கும், அப்படிப் பேசினால் அக்கா வாயிலேயே ஒன்று போடுவார்.

ஷாமினி யாரென்று சொல்லாமலே வந்துவிட்டேன். தனம் அக்காவின் பேத்தி. 'கடைசி டிசைன் நல்லாத்தான் இருக்கு, அந்தக் கோட்டை மட்டும் எடுத்துடு' என்று அவளுக்குப் பதில் போட்டேன். 'ஒய் தாத்தா? அதுதான் அழகே' என்று கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வா, சொல்கிறேன் என்றிருக்கிறேன். கோப்பி குடித்துக்கொண்டு சொல்லவேண்டிய கதை.

ஒன்றே ஒன்றை அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு கம்பெனி என்னைச் சில வருடம் ஈப்போவுக்கு மாற்றியது. அக்கா மாதம் தவறாமல் எழுதுவாள். 'நான் நலம்' என்று தொடங்கி, அதன் கீழே மட்டும் இரண்டு கோடு இழுத்திருப்பாள். நான் திரும்பி வந்து, இரண்டு வீட்டிலும் டெலிஃபோன் வந்த பிறகு, தினமும் காலை ஏழு மணிக்குக் கூப்பிடுவாள். ஹலோ கிடையாது. "நான் நலம்" என்பாள். "நானும்" என்பேன். சில நாள் அதோடு வைத்துவிடுவோம். வயர் உள்ள ஃபோனிலிருந்து வயர் இல்லாத ஃபோன் வரைக்கும் அப்படியேதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் சரியாக ஏழு மணிக்கு ஃபோன் அடித்தது. திரையில் அக்காவின் எண்தான். எடுத்தேன். ஷாமினியின் அப்பா பேசினான். "ஹலோ, மாமா" என்று தொடங்கினான். அந்த ஹலோவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.